கடைத்தெருப் பலகைகள்: படமும் வாட்சப்பில், பிழையும் வாட்சப்பில், முடிவும் வாட்சப்பில். என்ன செய்யலாம்?

அஞ்சடிக்காரன், பினாங்கு

பாயான் லெப்பாஸில் மென்பொருள் சோதிக்கிற வேலை எனக்கு. சனிக்கிழமை காலையில் வேறு வேலை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அஞ்சடி அஞ்சடியாக (கடைவீடுகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை) நடந்து, கடை வாசலில் தொங்கும் பழைய தமிழ்ப் பலகைகளைப் படம் எடுக்கிறோம். ரோட்டுப் பலகையில் லெபோ பாசார் என்று இருக்கும், அப்பா காலத்து ஆட்களுக்கு அது கடைத்தெரு. அப்பா அங்கே ஒரு மளிகைக்கடையில் 22 வருஷம் கணக்கு எழுதினார். நான் பலகை தேடி அலைவதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

குழுவில் 43 பேர். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். இதற்கென்று ஒரு செயலி செய்கிறோம்: பலகைப் படம், எழுதியிருக்கும் வாசகம், தெரு, எந்தக் காலத்தது, யாருக்கு என்ன நினைவு. செயலியை எழுதுகிறவர்கள் 4 பேர், சம்பளம் இல்லாத வேலை, ஆளுக்கொரு ஊர். முகநூலில் ஒரு பக்கமும் இருக்கிறது. எல்லாப் பேச்சும் நடப்பது புலனத்தில். புலனம் என்றால் வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள், அதனால் இங்கே வாட்சப் என்றே எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் லெபோ பினாங் பக்கம் ஒரு கடைவீட்டில் நீலப் பலகை ஒன்றைக் கழற்றிவிட்டார்கள். கடையும் மூடியாச்சு. பலகையின் உச்சியில் சின்னதாக ‘முருகன் துணை’ என்று இருக்கும். அந்த ‘துணை’யில் இருப்பது முன்னால் தும்பிக்கை சுருட்டிய பழைய ணை. எனக்கு அந்த ஓர் எழுத்துக்காகவே அந்தப் பலகை பிடிக்கும்.

சரி, படம் இருக்கிறதே என்று தேடினேன். குழுவில் 3 பேர் போட்டிருந்தார்கள். மூன்றும் ஒரே படம், ஒருவர் போட்டதை மற்ற இருவர் ஃபார்வர்ட் செய்தது. அளவு 84 கேபி. பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் குழைந்த சோறு. எடுத்த தேதி இல்லை. முதலில் எடுத்த ஆந்தி (ஆன்ட்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) போனை மாற்றிவிட்டார், பழைய போன் பேரன் கையில் தண்ணீரில் விழுந்ததாம். எங்கள் முகநூல் பக்கத்தில் அதே படத்துக்கு 1,100 லைக். ‘ஐயோ எங்கள் பாட்டி கடை மாதிரியே’ என்று எத்தனையோ பேர். ஆனால் அச்சடிக்க ஒரு நல்ல படம் கிடையாது.

செயலிப் பக்கம் இதைவிட மோசம். பிழை எல்லாம் குரல் செய்தியாக வருகிறது. ‘தம்பி, தேடுனா வரலப்பா’ என்று தொடங்கி 2 நிமிஷம் 10 விநாடி, பின்னணியில் குக்கர் விசில், நடுவில் யாரோ பாசாருக்குப் போகக் கூப்பிடுகிறார்கள். எதைத் தேடினார் என்பது மட்டும் கடைசிவரை வராது. அதற்குக் கீழே 30 ‘காலை வணக்கம்’ படங்கள். மறுநாள் பார்த்தால் அந்தப் பிழை எங்கே என்றே தெரியாது. போன வாரம் 2 பேர் ஒரே பிழையை வெவ்வேறு விதமாகத் திருத்தி, ஒருவர் செய்ததை இன்னொருவர் அழித்துவிட்டார். கோபித்துக்கொண்டு ஒருவர் ‘left’. மன்னிக்கவும், குழுவை விட்டு விலகினார்.

இன்னொன்று, இது சிரிப்பு. படத்தோடு ஒட்டியிருக்கும் இடக்குறிப்பை எடுத்து வரைபடத்தில் தானாகவே புள்ளி வைக்கும்படி எழுதியிருந்தோம். ஒரு பெரியவர் வீட்டு ஆல்பத்தில் இருந்த பழைய படங்களைப் போனில் எடுத்து ஏற்றினார். கடைத்தெருவில் இருக்க வேண்டிய 11 கடைகள் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் 9வது மாடியில் போய் உட்கார்ந்துவிட்டன. தேதியும் இந்த வருஷத்துத் தேதி.

பெரியவர்களை விட்டுவிட்டால் நினைவு இல்லை, வாட்சப்பை விட்டுவிட்டால் பெரியவர்கள் இல்லை. மரபு காக்கிற குழுவையும் செயலி எழுதுகிற குழுவையும் ஒரே இடத்தில் வைத்து ஓட்டிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? டெலிகிராமுக்கு மாற்றுவதா, டிஸ்கார்டுக்கா? இல்லை, இப்படியே இழுத்துக்கொண்டு போவதா?

பங்சார் நிரலர், கோலாலம்பூர்

அண்ணே, முதல்ல சின்ன விஷயம். படத்தைப் படமா அனுப்பச் சொல்லாதீங்க, டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. படமா போனா வாட்சப் சுருக்கிடும், உள்ளே இருக்கிற தேதி, இடம் எல்லாம் போயிடும். டாக்குமெண்டா போனா எடுத்தபடியே போகும். முகநூல்ல ஏத்துனாலும் அந்தத் தகவல் வெளியே வராது. அதனால பக்கத்துல போட்டாச்சு, பத்திரமா இருக்குன்னு நினைக்காதீங்க. பக்கம் வேற, பெட்டகம் வேற.

ஆல்பப் படத்துக்கு அந்தத் தானியங்கிப் புள்ளியே கூடாது. ‘இது நேரில் எடுத்ததா, பழைய படத்தைப் பார்த்து எடுத்ததா’ன்னு ஒரே ஒரு கேள்வி வைங்க. ரெண்டாவதுன்னா இடமும் வருஷமும் ஆள் கையால நிரப்பட்டும்.

டிஸ்கார்டா டெலிகிராமான்னு கேக்குறீங்க. அது கேள்வியே இல்ல லா. பேச்சு எங்க வேணும்னாலும் நடக்கட்டும். முடிவு மட்டும் ஒரே இடத்துல இருக்கணும். நீங்க 4 பேரும் கிட்ஹப்ல, அதாவது நிரலையும் பிழைப் பட்டியலையும் வைக்கிற தளத்துல, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு எண் போடுங்க. அந்த எண்ணைத் திரும்ப வாட்சப்ல சொல்லுங்க: ‘ஆந்தி, உங்க பிழை எண் 37, இன்னார் பார்க்கிறார்’. எண் இல்லாத பிழையை யாரும் தொடக்கூடாது. ரெண்டு பேர் ஒரே இடத்தைத் திருத்தி அடிச்சுக்கிட்டது இதனாலதான் நின்னுபோகும்.

ஸ்லாக் (கம்பெனிகள் பேசிக்கிற செயலி) பக்கம் போறதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இலவசத் திட்டத்துல 90 நாளுக்கு முந்திய பேச்சைப் பார்க்க முடியாது. கம்பெனிக்கு அது பரவாயில்ல. பழசைக் காப்பாத்துறதுக்குன்னு ஒரு குழு வெச்சு, 90 நாள்ல மறந்துபோற இடத்துல உட்கார்ந்தா எப்படி?

டெலிகிராம்ல பாட், அதாவது தானா வேலை செய்யுற சின்ன நிரல், எழுதுறது சுலபம். ‘பிழை’ன்னு தொடங்குற செய்தியை அதுவே எடுத்துக்கிட்டுப்போய் கிட்ஹப்ல போட்டுடும். ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. வேணும்னா நானே எழுதித் தரேன், ஒரு நாசி கண்டார் சாப்பாடு வாங்கிக் கொடுத்தா போதும்.

செந்தூல் டீச்சர், கோலாலம்பூர்

தம்பி, நீங்கள் சொன்ன குரல் செய்தி அனுப்பும் ஆந்திமார்களில் நானும் ஒருத்தி போலத்தான். பேரப்பிள்ளை டெலிகிராம் போட்டுத் தந்தான். 3 நாளில் அழித்துவிட்டேன். 70 வயதில் இன்னொரு மணிச்சத்தம் வேண்டாம். அந்த ‘பாட்’ பற்றித் தம்பி சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ‘பிழை’ என்று தொடங்கி எழுதத் தெரிந்தவர்கள் குரல் செய்தி ஏன் அனுப்பப்போகிறார்கள்?

2013 டிசம்பர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி 11 என்ற பழங்காலக் கோயில் இடிபாட்டை மேம்பாட்டுக்காரர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிய செய்தி முகநூலில் வந்தது. கெடாதான் பழைய கடாரம், நம் ஆட்களுக்குக் கடாரம் என்றால் சும்மாவா? நானும் பகிர்ந்தேன், கோபமாக நாலு வரி எழுதினேன், கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் அனுப்பினேன். அந்தச் சத்தத்தால்தான் பத்திரிகைகளும் அரசாங்கமும் திரும்பிப் பார்த்தன, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இலிருந்தே இருக்கிறது, ஆனால் அந்த இடம் அதன் கீழ் அரசிதழில் ஏறவில்லை, நிலமோ தனியார் நிலம் என்பதெல்லாம் அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. சத்தம் வந்தபோது செங்கல் போய்விட்டது.

அன்று ராத்திரி என் பழைய படப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். பூஜாங் பள்ளத்தாக்குக்கு 4 தடவை மாணவர்களைக் கூட்டிப்போயிருக்கிறேன். எல்லாம் அருங்காட்சியகத்து வாசலில் வரிசையாக நின்று எடுத்த படம். சண்டி 11 பக்கம் ஒருதடவைகூடப் போகவில்லை. அந்த ‘11’ என்ற எண்ணே 1930களில் அங்கே தோண்டிய குவாரிட்ச் வேல்ஸ் போட்ட வரிசையில் வந்ததுதானாம். வெள்ளைக்காரர் ஒருவர் நோட்டில் எழுதிவைத்தது மிஞ்சியது, வாத்தியார் என்னிடம் மிஞ்சியது பேருந்துக் கட்டண ரசீது.

அதனால் சொல்கிறேன். எனக்குக் கிட்ஹப் என்னவென்று தெரியாது, 5 கட்டம் போட்ட தாள் என்றால் தெரியும். யார் சொன்னது, எந்தப் பலகை, என்ன தேடினார், என்ன வந்தது, என்ன வரவேண்டும். குரல் செய்திகளை எனக்கு அனுப்புங்கள். ராத்திரி 9 மணிக்கு மேல் நாடகம் பார்ப்பதற்குப் பதில் இதைக் கேட்டு எழுதித் தருகிறேன். விட்டுப்போனதை அந்த ஆந்தியிடமே போன் போட்டுக் கேட்டுவிடுவேன். 34 வருஷம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ‘என்னடா நடந்தது, முதலிலிருந்து சொல்’ என்று கேட்டுக் கேட்டே ஓய்வு பெற்றவள் நான்.

அஞ்சடிக்காரன், பினாங்கு

டீச்சர், எழுதின அன்றைக்கே 14 குரல் செய்திகளை உங்களுக்கு அனுப்பினேன், மறுநாள் காலையில் தாள் வந்துவிட்டது. கையெழுத்தைப் பார்த்து எங்கள் குழுவில் ஒருவன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். அதில் 6வது வரியால் ஒரு பெரிய பிழை பிடிபட்டது, அதை இங்கே எழுதிவைக்கிறேன், தமிழில் செயலி எழுதுகிற யாருக்காவது உதவும்.

‘கொழும்பு’ என்று தேடினால் சிலருக்குக் கடை வருகிறது, சிலருக்கு வரவில்லை. எங்களுக்குக் குக்கர் விசில்தான் கேட்டது. டீச்சர்தான் அந்த ஆந்தியைக் கூப்பிட்டு, என்ன போன், எந்த விசைப்பலகை என்று கேட்டு எழுதியிருந்தார். விஷயம் இதுதான்: கண்ணுக்கு ‘கொ’ ஒன்றுதான். ஒருங்குறியில் அதை இரண்டு விதமாக எழுதலாம், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். தமிழ்க் கணிமைக்காரர்கள் இருக்கும் ஒரு முகநூல் குழுவில் கேட்டேன். 20 நிமிஷத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ‘என்எஃப்சி செய்தீர்களா?’ என்று ஒரு வரி போட்டார். அதாவது சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். 4 வரி நிரல். நாங்கள் 3 வாரம் தேடினோம்.

அந்தப் பதிலின் கீழேயே பேச்சு வளர்ந்து, பழைய ணைக்கு வந்தது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததற்கு முந்திய வடிவம் அது. பழைய ணைக்கும் புதிய ணைக்கும் ஒருங்குறியில் ஒரே குறிதான், எழுத்துரு எப்படிக் காட்டுகிறதோ அப்படி. ஆக, நாங்கள் செயலியில் ‘முருகன் துணை’ என்று தட்டச்சு செய்த நிமிஷமே தும்பிக்கை காணாமல் போகிறது. படம்தான் ஒரே சாட்சி. அந்தப் படம் 84 கேபி.

கடைத்தெரு மகள், பினாங்கு

அண்ணா, உங்கள் பக்கத்தை முதலிலிருந்தே பார்க்கிறேன், நல்ல வேலைதான். ஆனால் யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் அப்பாவும் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். 2000இல் வாடகைக் கட்டுப்பாடு போனபோது எங்கள் வரிசையில் யார் யார் எப்போது கிளம்பினார்கள் என்று அம்மா இன்னும் வரிசையாகச் சொல்லும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் ஏறியது, 2012இல் லெபோ ஆர்மேனியனில் சைக்கிள் பிள்ளைகள் சுவர் ஓவியம் வந்தது, படம் எடுக்க வரிசை நின்றது. கூட்டம் வந்தது சந்தோஷம். மளிகைக்கடைகள் இருந்த இடத்தில் ஐஸ்கிரீமும் காந்தப் பொம்மையும் வந்தன. உங்கள் பக்கத்தில் லைக் போட்ட 1,100 பேரில் எத்தனை பேர் கடைக்குள் வந்து கால் கிலோ பருப்பு வாங்கினார்கள்?

அந்த நீலப் பலகை எங்கே போனது என்று எனக்குத் தெரியும். உடைக்கவில்லை. லவ் லேன் பக்கம் ஒரு காபிக்கடையில் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், மஞ்சள் பல்பு போட்டு. கடைக்காரர் எங்களுக்குச் சொந்தம், மாமா முறை. வாங்க வந்தவர் போனில் உங்கள் பக்கத்துப் படத்தைக் காட்டித்தான் ‘இதுதானே?’ என்று கேட்டாராம். கடை எண் வரை போட்டிருந்தீர்களே. மாமா எப்படியும் கடையை மூடுகிறவர், 350 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, உங்கள் மேலும் இல்லை. ஆனால் படம் போடுவதற்கு முன் நீங்கள் யாராவது உள்ளே போய் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அஞ்சடியில் நின்று எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். உள்ளே வந்திருந்தால் பலகையை எழுதியவர் யார் என்று அவரே சொல்லியிருப்பார்.

பட்டர்வொர்த் பெரியவர்

பேரன் எழுதுகிறான், சொல்வது நான். நான் பலகை எழுதினவன். பட்டர்வொர்த்திலும் தீவிலும் எழுதியிருக்கிறேன். எனாமல் பெயின்ட், சுண்ணக்கட்டி தடவின நூலைச் சுண்டிக் கோடு போடுவோம், அதன்மேல் எழுத்து. பழைய ணை எழுதுகிறபோது தும்பிக்கையைக் கீழிருந்து இழுப்பவன் உண்டு, மேலிருந்து இறக்குகிறவன் உண்டு. பார்த்தால் யார் கை என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்துக்கு எழுதினால் புது ணை எழுதுவோம், கடைக்காரர்கள் பழையதுதான் ராசி என்பார்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக அனுப்பு தம்பி. சின்னதாக வந்தது தெரியவில்லை. எனக்குக் கண்புரை அறுவை ஆகி 2 மாதம்தான் ஆகிறது, நன்றாகத் தெரிகிறது, படம்தான் தெரியவில்லை.

அஞ்சடிக்காரன், பினாங்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் பதில் எழுத முடியவில்லை. கேட்கவில்லை என்பது உண்மை. கடை எண்ணைப் போட்டது நான்தான், ‘தகவல் முழுமையாக இருக்கட்டும்’ என்று.

சனிக்கிழமை அந்தக் காபிக்கடைக்குப் போனேன். 14 வெள்ளிக்கு ஒரு காபி. கடைக்காரப் பையனிடம் இந்தமுறை கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். சீனப் பையன், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று இவ்வளவு நாளும் அவனுக்குத் தெரியாது. படித்துச் சொன்னேன், பக்கத்து மேசைக்காரர்களும் கேட்டார்கள். ஏணி கொண்டுவந்து கொடுத்தான். 11 எம்பி படம், டாக்குமெண்டாகவே அனுப்பினேன். பெரியவர் 10 நிமிஷத்தில் குரல் செய்தி போட்டார்: தும்பிக்கை மேலிருந்து இறங்குகிறது, தன்னுடைய கை இல்லை, கூட வேலை பார்த்த ஒருவர் கை, அவர் இப்போது இல்லை. மீதியை டீச்சர் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார், 3வது தாள் ஓடுகிறது.

மாமா வீட்டுக்கும் போனேன், தங்கச்சிதான் கூட்டிப்போனது. படம் எடுக்கவே இல்லை, 2 மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கடை திறந்த வருஷம், பலகைக்குக் கொடுத்த கூலி, ஏன் நீலம், எல்லாம் சொன்னார். முகநூல் பக்கத்தில் கடை எண்களை எடுத்துவிட்டோம். இனி உரிமையாளர் சரி என்று சொன்ன பலகை மட்டும்தான் பக்கத்தில் வரும். மூலப்படங்கள் வேறு இடத்தில், குழுவுக்கு மட்டும். வாட்சப் அப்படியே இருக்கிறது, காலை வணக்கங்களும் இருக்கின்றன. பங்சார் தம்பியின் பாட் வேண்டாம் என்று முடிவு, டீச்சர் தாள்தான் பாட். நாசி கண்டார் கடன் மட்டும் நிற்கிறது.

விலகிப்போன நண்பர் திரும்பி வந்துவிட்டார், வந்ததும் முதல் வேலையாகப் பிழை எண் 61ஐ எடுத்துக்கொண்டார். நீலப் பலகையின் புது இடத்தைச் செயலியில் ஏற்றப்போனால் பழைய இடம் அழிந்துவிடுகிறது. ஒரு பலகைக்கு ஒரு இடம்தான் என்று அடித்தளத்திலேயே நாங்கள் எழுதிவைத்திருக்கிறோம். அதை மாற்ற வேண்டுமென்றால் பாதிச் செயலியைப் பிரிக்க வேண்டும். யாராவது இப்படி நடுவழியில் தரவு அட்டவணையைப் பிரித்திருந்தால் சொல்லுங்கள், ஏற்கெனவே ஏற்றிய 212 பலகைகளையும் இழக்காமல் எப்படிச் செய்தீர்கள்?